இரண்டாவது உலை

ஏனாத்தூர்
6 ஜூலை 2025

அன்புள்ள அத்தைக்கு,

சுகாசினி எழுதுகிறேன். அனுப்புநர் இடத்தில் அப்பாவின் பெயரைப் பார்த்தால் பிரிக்காமலே தூக்கிப் போட்டுவிடுவீர்களோ என்று பயந்து ஆயாவின் பெயரை எழுதியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் வீட்டு நம்பர் எதிலிருந்தும் உங்களுக்குப் போன் போகவில்லை. தம்பி சந்தோஷ் அவன் நண்பனின் போனை வாங்கிக் கொடுத்தான். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். எனக்கும் போனில் பேச வராது. எழுதினால் கொஞ்சம் வரும். ஆம்பூர் முகவரி நீங்கள் கிறிஸ்துமஸுக்கு அனுப்பும் வாழ்த்து அட்டையின் உறையில் இருந்தது. அந்த அட்டைகளை எல்லாம் ஆயா மசாலா டப்பாக்களுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறது. நட்சத்திரமும் ஆட்டுக்குட்டியும் மஞ்சள் தூள் படிந்து நிற்கின்றன.

ஆயாவின் சாவன்று நடந்ததை நான் மறக்கவில்லை. நீங்கள் பாஸ்டரோடு வந்தீர்கள். அப்பா பந்தலிலேயே வழிமறித்து, "எங்கம்மாவுக்கு ஜெபமும் வாணாம் ஒண்ணும் வாணாம்" என்று கத்தினார். நீங்கள் ஆயாவின் காலைத் தொட்டுவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டீர்கள். காரியத்துக்கும் வரவில்லை. எல்லோரும் உங்களைப் பற்றி ஏதேதோ பேசினார்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

இறப்புச் சான்றிதழ் வாங்க அப்பாவோடு நான் போனேன். அங்கிருந்தவர், "என்ன வேலை பாத்தாங்க?" என்று கேட்டார். அப்பா, "வேலையெல்லாம் இல்ல சார், சும்மா வூட்லதான் இருந்துது" என்றார். வெளியே வந்து தன் ஆட்டோவில் ஏறினவர், ரொம்ப நேரம் வண்டியைக் கிளப்பவே இல்லை.

வீடு இன்னும் ஆயாவின் கணக்கிலேயே நடக்கிறது. அம்மா விடியுமுன் கம்பெனி வேனுக்கு ஓடுகிறாள். டிபன் பாக்ஸ் தானாக நிரம்பியிருக்கும் என்ற நினைப்பில் போய்க் கையை வைக்கிறாள். சந்தோஷ் துவைத்த சட்டையைத் தேடிக் கத்திவிட்டு, பிறகு சும்மா நிற்கிறான். ஆயா நம் உதட்டைப் பார்த்தே சாப்பிட்டோமா இல்லையா என்று சொல்லிவிடும், நினைவிருக்கிறதா? "உதடு காஞ்சிருக்குது, பொய் சொல்றியா?" என்னும். நான் பட்டுக் கடையில் பில் போடப் போன புதிதில் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஊருக்கெல்லாம் பட்டுப் பொடவை விக்கற, இங்க வந்தா நைட்டியா?" என்றது. இப்போது உதட்டைப் பார்க்க யாரும் இல்லாததால் மத்தியானம் பல நாள் சாப்பிட மறந்துபோகிறேன்.

ஆடி மாதமாவது வாருங்கள் அத்தை. அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார்.

அன்புடன்,
சுகாசினி


ஆம்பூர்
20 ஜூலை 2025

பிரியமான சுகா,

கர்த்தர் உன்னோடு இருப்பாராக. முதலில் ஒன்று சொல்கிறேன். இனிமேல் கவரில் அம்மா பெயர் போடாதே. தபால்காரர் கொடுத்துவிட்டுப் போனதைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். டேனியல் மாமாதான் பிரித்தார்.

அண்ணன் ஒன்றும் சொல்லாது என்கிறாய். சொல்ல வேண்டியதைத்தான் ஊர் கூட்டிச் சொல்லிவிட்டதே. நான் என்ன கேட்டேன்? மேளத்தை நிறுத்தச் சொன்னேனா, மாலையைக் கழற்றச் சொன்னேனா? ஒரே ஒரு ஜெபம். அதற்கு எனக்கு உரிமை இருந்தது. ஏன் என்று உனக்குத் தெரியும். போன மாட்டுப் பொங்கலுக்கு நீயும் அங்கேதான் இருந்தாய்.

நான் ஞானஸ்நானம் வாங்கி, கன்னியம்மா என்ற பேரை விட்டு, உங்கள் மாமாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த நாள் முதல், வருடா வருடம் மாட்டுப் பொங்கலுக்கு வருகிறேன். நீங்கள் எல்லோரும் தாத்தாவுக்குப் படைப்பீர்கள். நான் உள்ளே வர மாட்டேன். படைத்ததைச் சாப்பிடவும் மாட்டேன். அம்மா எனக்குத் தனியாகக் கொண்டுவந்து வைக்கும். நானே மனதுக்குள் ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிடுவேன். அம்மா ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. இந்த வருடம்தான், சோற்றை வைத்துவிட்டு, தானாகவே சொன்னது: "கிரேசு, உங்க சாமிகிட்ட நல்லா சொல்லிட்டுத் துன்னுமா. வாய் விட்டுச் சொல்லு, நானும் கேக்கறேன்." நான் ஜெபம் பண்ணினேன். அம்மா பக்கத்தில் நின்று கை கூப்பிக் கண்ணை மூடியது. ஆமென் என்றது. எனக்கு முன்னாடியே சொன்னது.

அன்றைக்கு பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன், சந்தோஷத்தில். இத்தனை வருட ஜெபம் வீண் போகவில்லை என்று சபையில் சாட்சி சொன்னேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சபையில் நவம்பர் இரண்டாம் தேதி இறந்தவர்களின் பெயரை வாசித்து ஜெபிப்பார்கள். அம்மா பெயரும் வாசிக்கப்பட வேண்டும். ஞானஸ்நானம் இல்லாதவர் பெயரை வாசிப்பதில்லை என்று பாஸ்டர் சொல்கிறார். ஆனால் விசுவாசித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்த வேறு யாராவது எழுதிக் கொடுத்தால் யோசிக்கலாம் என்கிறார். உன் மாமா அன்றைக்கு வரவில்லை, வேறு யார் பார்த்தார்கள்? நீதான் தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தாய். நீ படித்த பெண். நாலு வரி எழுதிக் கொடு கண்ணு. அந்தப் பெயர் வாசித்தால், நான் அம்மாவை மறுபடி பார்ப்பேன் என்று தைரியமாக இருப்பேன். வேறொன்றும் கேட்கவில்லை.

உன் அத்தை,
கிரேஸ்


ஏனாத்தூர்
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நாலு வரி எழுத உட்கார்ந்து வேறு என்னென்னவோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆயாவுக்கு உங்கள் புதுப் பெயர் வாயில் நுழைய நாளானது என்று அம்மா சொல்வாள். கீரை ஆயும்போதும் அரிசி புடைக்கும்போதும், "கிரேசு, கிரேசு" என்று தனக்குள் சொல்லிப் பார்க்குமாம். அப்பா, "இன்னாம்மா, ஆட்டோவுக்கு அடிக்கற கிரீசா?" என்று கேலி செய்தாராம். "பேரு வெச்சிக்கினா கூப்புடணும்டா. இல்லாங்காட்டி எதுக்குப் பேரு?" என்றதாம் ஆயா. இந்த வீட்டில் உங்களை கிரேஸ் என்று கூப்பிட்டது ஆயா மட்டும்தான். அப்பாவுக்கு நீங்கள் இன்னும் கன்னிமாதான். சாவன்றுகூட, "கன்னிமா, அங்கியே நில்லு" என்றுதான் கத்தினார்.

தென்னேரியில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்ணாம் ஆயா. இங்கே வாழ வந்த பிறகு, தாத்தாவின் நாள்களிலும் பிறகு எங்கள் நாள்களிலும், அடுப்பும் குழாயடியுமே அதன் ஊர். நான் கல்லூரி முடித்துப் பட்டம் வாங்கியபோது அழைத்தேன். வாசல் வரை வந்துவிட்டு, "நீ போய் வாங்கியா, நான் செருப்பப் பாத்துக்கறேன்" என்றது. அங்கே யாரும் செருப்பைக் கழற்றவே இல்லை.

மாட்டுப் பொங்கல் என்றாலே எனக்கு நினைவு வருவது தோட்டத்து அடுப்புதான். உள்ளே கேஸ் அடுப்பில் படையலுக்கு எல்லாம் ஆகிவிடும். இலை போட்டு, சோறும் கருவாட்டுக் குழம்பும் வடையும் வைத்து, கற்பூரம் காட்டி, மாடியில் காக்காவுக்கு வைத்துவிட்டு, காக்கா வாய் வைக்கும்வரை எல்லோரும் காத்திருப்போம். அந்த நேரத்தில் ஆயா மட்டும் பின்னால் போய், ஆணியில் தொங்கும் சின்ன அலுமினியக் குண்டானை எடுத்து, விறகு மூட்டி, இரண்டாவதாக ஒரு உலை வைக்கும். நான் ஊதுகுழலால் ஊதிக் கொடுப்பேன். "எதுக்கு ஆயா இன்னொரு ஒலை?" என்று சின்ன வயதில் கேட்டேன். "சோறு பத்தாதுடி" என்றது. ஆனால் ஒவ்வொரு வருடமும் உள்ளே சோறு மீந்துதான் போகும். மறுநாள் அந்தப் பழைய சோற்றை நாங்கள்தான் தின்போம். அது எனக்குக் கொஞ்சம் வியப்பாகவே இருந்தது.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன். கடையில் ஆவணி முகூர்த்தக் கூட்டம் முடியும்வரை நிற்க நேரமில்லை.

அன்புடன்,
சுகாசினி


ஆம்பூர்
14 செப்டம்பர் 2025

சுகா,

பக்கம் பக்கமாக எழுதுகிறாய். நான் கேட்டதை மட்டும் எழுதவில்லை. அண்ணன் தடுக்கிறதா? இல்லை, உனக்கே அத்தைமேல் கோபமா?

நீ பார்த்தாயா இல்லையா? அம்மா கண்ணை மூடியதா இல்லையா? ஆமென் சொன்னதா இல்லையா? பொய் சொல்லச் சொல்லவில்லை. பார்த்ததை எழுதச் சொல்கிறேன்.

பாஸ்டர் அடுத்த மாதக் கடைசிக்குள் பெயர்களைக் கேட்டிருக்கிறார். சபையில் எல்லோரும், "அம்மா பேரு வாசிப்பாங்க இல்ல?" என்று கேட்கிறார்கள். நான் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ராத்திரி படுத்தால், அம்மா ஏதோ ஒரு கதவுக்கு வெளியே நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரியே இருக்கிறது. நீ எழுதியதால்தான் அப்படித் தோன்றுகிறது.

கிரேஸ்


ஏனாத்தூர்
5 அக்டோபர் 2025

அன்புள்ள அத்தைக்கு,

யாரும் தடுக்கவில்லை. உங்கள்மேல் எனக்குக் கோபமும் இல்லை. பார்த்ததை எழுதுகிறேன். முழுவதையும் எழுதுகிறேன்.

போன மாட்டுப் பொங்கலன்று நான் வீட்டுக்குத் தூரம். அதனால் அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று தோட்டத்தில் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். ஆயாவுக்குத் தீபாவளியிலிருந்தே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். உள்ளே கற்பூரம் காட்டிய பிறகு, வழக்கம்போல் பின்னால் வந்து குண்டானை ஆணியிலிருந்து எடுத்தது. குந்தி உட்கார்ந்து விறகை நுழைக்கப் பார்த்தது. முடியவில்லை. புகை வந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. குண்டானை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டது.

"அம்மாவக் கூப்புடட்டுமா ஆயா?" என்றேன். "வாணாம், அவ காலையிலிருந்து நிக்கறா" என்றது.

"சோறு உள்ள நெறைய இருக்குதே, எதுக்கு இது?" என்றேன்.

அப்போதுதான் சொன்னது. "அது படைச்ச சோறு கண்ணு. கிரேசு துன்னாது. அவளுக்குன்னு எப்பவும் இதுலதான் வடிப்பேன். ஒன் தாத்தாவுக்குக் காட்டாத சோறு."

மூச்சு வாங்கிவிட்டு என்னைக் கேட்டது: "இந்த வருசம் முடியலியே. உள்ள இருக்கறதத்தான் போடணும். அவ சாமிகிட்ட அவளே ஒரு வார்த்த சொல்லிட்டுத் துன்னா சரியாப் பூடும் இல்ல? நீ படிச்சவதான, சொல்லு."

எனக்கு என்ன தெரியும்? தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் பார்த்தது. ஆயா கண்ணை மூடியது உண்மை. ஆமென் சொன்னதும் உண்மை. ஆனால் நீங்கள் முதல் வாய் வைத்ததும் ஆயா திரும்பி, மரத்தடியில் இருந்த என்னைப் பார்த்தது. சரியாகிவிட்டதா என்று கேட்கிற பார்வை.

ஆயா மனதில் வேறென்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை நீங்கள் நினைப்பதும் இருந்திருக்கலாம். ஆனால் ஜெபித்ததை மட்டும் எழுதிக் கொடுத்தால், குண்டானை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆயா இல்லாமல் போய்விடும். இரண்டையும் எழுதினால் உங்கள் பாஸ்டர் பெயரை வாசிக்க மாட்டார். அதனால்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன்.

நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று இருக்கிறது. காக்கா வருவதற்குள் எங்கள் சோறு எப்போதும் ஆறிப்போயிருக்கும். உங்களுக்கு ஆயா போட்ட சோறு, மற்ற வருடங்களில், சூடாக இருந்ததா அத்தை? போன பொங்கலுக்கு எப்படி இருந்தது?

சுகாசினி


ஆம்பூர்
9 நவம்பர் 2025

சுகா,

உன் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். டேனியல் மாமா பிடுங்கி வைத்துக்கொண்டார். அவரும் படித்தார். படித்துவிட்டு, "சூடாத்தான இருக்கும் கிரேஸ், நான் ஊதி ஊதித் துன்னேனே" என்றார்.

சூடுதான். எல்லா வருடமும் சூடு. கை வைக்க முடியாது. "ஒங்கம்மா வூட்ல மட்டும் சோறு எப்பவும் கொதிக்குது" என்று உன் மாமா கேலி பண்ணுவார். தூரத்திலிருந்து வந்த பெண் என்று அம்மா நேரம் பார்த்து வடிக்கிறது போல என்று நினைத்துக்கொள்வேன். ஏன் எனக்கு மட்டும் சூடு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

போன பொங்கலுக்கு ஆறியிருந்தது. பருக்கை விறைத்துப்போயிருந்தது. கவனிக்கவே இல்லை. ஜெபம் பண்ணச் சொன்ன சந்தோஷத்தில் எதைத் தின்றேன் என்றே தெரியவில்லை.

படைத்ததைத் தின்றேனே என்று எனக்கு வருத்தம் வரவில்லை. வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வேறொரு வருத்தம்தான் வந்திருக்கிறது. அம்மா என் சாமியிடம் வரவில்லை. என்னிடம்தான் வந்தது. அப்படியென்றால் நான் அதை இனிமேல் பார்ப்பேனா மாட்டேனா? பாஸ்டரிடம் கேட்டால் பதில் சொல்லிவிடுவார். அதனால் கேட்கவில்லை.

இரண்டாம் தேதி பெயர் வாசிக்க ஆரம்பித்ததும் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் நின்றேன். உள்ளே ஒவ்வொரு பெயராகக் கேட்டது. செல்லியம்மாள் என்று அம்மா பெயரை நானே ஒரு தடவை மெதுவாகச் சொல்லிக்கொண்டேன். முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

பொங்கலுக்கு வர மாட்டேன். தாத்தா படத்துக்குப் பக்கத்தில் அம்மா படத்தையும் வைத்து இலை போடுவீர்கள். அதைப் பார்க்க என்னால் ஆகாது. அண்ணன்மேல் உள்ள கோபத்தால் இல்லை. நீ எழுதியது சரிதான். எழுதாமலே இருந்திருக்கலாம். இரண்டும்தான்.

கிரேஸ்


ஏனாத்தூர்
16 ஜனவரி 2026, மாட்டுப் பொங்கல்

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதம் அப்பா கையில் வருகிறது. அவர் பஸ்ஸுக்கு வேட்டி மாற்றிக்கொண்டிருக்கிறார். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

இன்று ஆயாவுக்கு முதல் படையல். ஆயாவுக்கு என்ன பிடிக்கும் என்று அம்மா கேட்டாள். ஆளுக்கு ஒன்று சொன்னோம். எல்லாம் எங்களுக்குப் பிடித்தது. கடைசியில் எதையும் விடாமல் வைத்தோம்.

காக்கா வர நேரமானது. நான் பின்னால் போய்க் குண்டானை எடுத்தேன். நீங்கள் வர மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. விறகு ஈரம், பிடிக்கவில்லை. ஊதிக்கொண்டே இருந்தேன். திரும்பிப் பார்த்தால் அப்பா நிற்கிறார். திட்டுவார் என்று நினைத்தேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, காய்ந்த தென்னம் பாளையை ஒடித்து உள்ளே வைத்தார்.

"கன்னிமா சோறா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"வெறகு யாரு ஒடச்சிக் குடுத்தது இத்தினி வருசமா? ஒங்க ஆயாவா?" என்றார். பிறகு, "அவகிட்ட சொல்லாதடான்னுச்சி. சொன்னா, எனக்கோசரம் ஏம்மா புகையில சாவறன்னு அவ வரதையே நிறுத்திடுவாளாம்" என்றார்.

அன்று பந்தலில் கத்தியது அதற்காகத்தான் போலிருக்கிறது அத்தை. அப்பா அப்படிச் சொல்லவில்லை. "இவளுக்காக அவ்ளோ பண்ண கெழவிகிட்ட, செத்தப்புறம் இவளுக்கு இன்னும் இன்னா வோணும்னு தோணிச்சி" என்று மட்டும் சொன்னார். அடுப்பைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

கஞ்சி வடித்தேன். அப்பா உள்ளே போய், தீபாவளிக்குக் கடையில் எனக்குக் கொடுத்த ஹாட் பாக்ஸை எடுத்து வந்து, "இதுல போடு, பஸ் எத்தினி மணிக்கு?" என்றார். அம்மா, "ஆம்பூர் போறதுக்குள்ள ஆறிடும்யா, பைத்தியமா?" என்றாள். அவர் காதில் வாங்கவில்லை. கருவாட்டுக் குழம்பையும் படைப்பதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்திருந்தேன். அது தூக்குவாளியில் இருக்கிறது.

அப்பா கூப்பிடுகிறார். அவர் இன்னும் சாப்பிடவில்லை. உதட்டைப் பாருங்கள்.

சுகாசினி


ஆம்பூர்
18 ஜனவரி 2026

பிரியமான சுகா,

உன் கடிதமும் சோறும் வந்து சேர்ந்தன.

பொழுது சாயும் நேரம். கேட்டைத் தட்டுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் அண்ணன். பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறது, குழந்தையைத் தூக்கி வந்தது மாதிரி. வேலூரில் பஸ் மாறும்போது உட்கார இடம் கிடைக்கவில்லையாம். பையைக் கீழே வைக்க மனசில்லாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. "தட்டு எடு" என்றது.

அண்ணன் உதட்டைப் பார்த்தேன். நீ சொன்னது சரி. இரண்டு தட்டு எடுத்தேன். டேனியல் மாமா சர்ச்சுக்குப் போயிருந்தார்.

அண்ணனே ஹாட் பாக்ஸைத் திறந்தது. மூடியின் உள்பக்கம் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. ஆனால் சோறு ஆறிப்போயிருந்தது. அண்ணன் கையை வைத்துப் பார்த்தது. மறுபடியும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தது. முகம் சுருங்கிவிட்டது. நம் அம்மாவுக்குச் சுருங்குமே, அப்படியே.

"சூடு பண்ணட்டுமாண்ணா?" என்றேன்.

"வாணாம்" என்றது. தட்டில் சோற்றைப் போட்டது. பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னது: "ஆறிப் பூடுச்சி கிரேசு. ஜெபம் பண்ணிட்டுத் துன்னு."

கன்னிமா என்று சொல்லவில்லை. அது அண்ணனுக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

கண்ணை மூடினேன். எப்போதும் சொல்கிற வார்த்தைகள்தான், பாதியில் நின்று நின்று வந்தன. முடிக்கப் போகும்போது எனக்கு முன்னாடியே ஒரு குரல் ஆமென் என்றது. கண்ணைத் திறந்தேன். அண்ணன் செருப்பு இருக்கிற பக்கம் திரும்பி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் சாப்பிட்டோம். ஒரு பருக்கை மிச்சமில்லை. ஹாட் பாக்ஸைக் கழுவிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன் ஆமென் சொன்னதை நான் சபையில் சொல்ல மாட்டேன்.

உன் அத்தை,
கிரேஸ்